லிப்ரே ஆஃபீஸ் இம்ப்ரெஸ்: ஸ்லைடு செய்யப் பழக இது போதுமா?

பழகப் போதும். பழகியதைக் கொண்டுபோய் வேறொருவர் கணினியில் ஓட்டும்போதுதான் இம்ப்ரெஸ் காலை வாரும். எங்கெங்கே வாரும் என்று முன்பே தெரிந்தவருக்கு இது நல்ல மென்பொருள், அதுவும் காசில்லாமல்.

லிப்ரே ஆஃபீஸ் தொகுப்பில் பவர்பாயின்ட் வேலையைச் செய்யும் பகுதிதான் இம்ப்ரெஸ். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். விண்டோஸுக்கான இன்ஸ்டாலர் சுமார் 350 எம்பி. 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பிலும் திணறாமல் திறக்கும். கணக்குத் தொடங்கச் சொல்லாது, நிறுவிய பிறகு இணையமும் கேட்காது. கீழே வருவதெல்லாம் 7-ஆம் வரிசைப் பதிப்புகளை வைத்து எழுதியது.

தமிழ்நாட்டில் இதைத் தேடி வருபவர்களில் பலர் பதினோராம் வகுப்பு மாணவர்களும் அவர்களுக்குச் சொல்லித்தரும் ஆசிரியர்களும். கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் இருப்பது ஓப்பன் ஆஃபீஸ் இம்ப்ரெஸ். ஓப்பன் ஆஃபீஸிலிருந்து 2010-இல் பிரிந்து வந்ததுதான் லிப்ரே ஆஃபீஸ். ஆகவே அடிப்படை ஒன்றே. மெனுப் பெயர்கள்தான் குழப்பும். புத்தகம் 'மூவி அண்ட் சவுண்ட்' என்றால் இங்கே 'ஆடியோ ஆர் வீடியோ'. அங்கே 'கஸ்டம் அனிமேஷன்', இங்கே வெறும் 'அனிமேஷன்'. அங்கே 'மாஸ்டர் பேஜஸ்', இங்கே 'மாஸ்டர் ஸ்லைட்ஸ்'. தேர்வுக்குப் படிப்பவர் புத்தகத்துப் பெயரையே எழுத வேண்டும். கை பழகுவதற்கு லிப்ரே ஆஃபீஸ் மேல், ஓப்பன் ஆஃபீஸின் வளர்ச்சி எப்போதோ மந்தமாகிவிட்டது. மெனுவைத் தமிழில் வைத்துக்கொள்ளவும் வழியுண்டு. ஆனால் முதல்முறை கற்பவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். சந்தேகம் வந்து யூடியூபில் தேடினால் அங்கே எல்லோரும் ஆங்கிலப் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

திறந்தவுடன் வார்ப்புரு தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு ஜன்னல் வரும். அதை மூடிவிடுங்கள். உள்ளே இருக்கும் வார்ப்புருக்கள் பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகைக்கும் கம்பெனி அறிக்கைக்கும் நடுவில் எங்கேயோ நிற்பவை. அதற்குப் பதில் முதலில் 'ஸ்லைடு ப்ராப்பர்ட்டீஸ்' போய் அளவைத் தீர்மானியுங்கள். தொடக்கத்தில் இருப்பது 16:9, அதாவது 28 செ.மீ. அகலம், 15.75 செ.மீ. உயரம். பள்ளிகளிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் இருக்கும் பழைய புரொஜெக்டர் பலவும் 1024×768, அதாவது 4:3. அதில் 16:9 ஸ்லைடைப் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும், எழுத்தும் அந்த அளவுக்குச் சிறுக்கும். எல்லா ஸ்லைடும் முடிந்த பிறகு விகிதத்தை மாற்றினால் படங்கள் இடம் பெயர்ந்து, ஒவ்வொன்றையும் கையால் நகர்த்த வேண்டிவரும்.

அடுத்தது தமிழ் எழுத்து. இம்ப்ரெஸ்ஸின் மிகப் பெரிய தலைவலி இங்கேதான். காரணம் தெரிந்துவிட்டால் ஐந்து நிமிட வேலை.

லிப்ரே ஆஃபீஸ் கண்ணுக்கு ஆங்கிலம் ஒரு வகை எழுத்து, தமிழ் இன்னொரு வகை. இரண்டுக்கும் ஃபான்ட், அளவு, தடிமன் மூன்றையும் அது தனித்தனியாக வைத்திருக்கிறது. மாஸ்டரில், அதாவது எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான அமைப்பை வைத்திருக்கும் மூல ஸ்லைடில், எழுத்தளவை 32 என்று மாற்றுகிறோம், ஆங்கிலச் சொல் மட்டும் வளர்கிறது, தமிழ் அப்படியே நிற்கிறது. மென்பொருள் பழுது என்று நினைத்து இந்த இடத்திலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. செய்ய வேண்டியது இது: டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜ் செட்டிங்ஸ், லாங்குவேஜஸ் என்று போய் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' கட்டத்தில் டிக் போட்டு, மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் 'கேரக்டர்' பெட்டியைத் திறந்தால் ஆங்கிலத்துக்கு ஓர் இடமும் தமிழுக்கு ஓர் இடமும் தனியாகத் தெரியும். இரண்டிலும் அளவை நிரப்புங்கள்.

ஃபான்ட் தேர்வில் ஒரே விதி: யூனிகோட் மட்டும். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்த ஸ்லைடு, அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. இன்னும் டிடிபி கடைகளில் பாமினி ஓடுகிறது என்பது வேறு கதை. கையில் பழைய பாமினி வரிகள் இருந்தால் என்.எச்.எம். கன்வெர்ட்டரில் மாற்றிவிட்டுப் பிறகு ஒட்டுங்கள். தட்டச்சுக்கு இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் இரண்டும் இம்ப்ரெஸ்ஸுடன் ஒத்துப்போகும். என்.எச்.எம். ரைட்டரில் யூனிகோட் விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லைடுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றும் தூரத்திலிருந்து நன்றாகத் தெரிபவை, மூன்றும் இலவசம். மெல்லிய கோடுள்ள ஃபான்ட்டை ஜன்னல் மூடாத வகுப்பறையில் போட்டால் 'ள'வும் 'ன'வும் கடைசி பெஞ்சுக்கு ஒன்றாகத்தான் தெரியும்.

அளவு 28-க்குக் கீழே போக வேண்டாம். 28-இல் ஒரு வரிக்கு நாலைந்து தமிழ்ச் சொல்தான் பிடிக்கும். அது குறையில்லை, வேண்டிய கட்டுப்பாடு. இதை மீறி நீங்கள் பத்தியை அப்படியே ஒட்டினால் இம்ப்ரெஸ் சத்தமில்லாமல் எழுத்தைச் சுருக்கிப் பெட்டிக்குள் அடக்கிவிடும். திரையில் ஏதோ பொருந்திவிட்டதுபோல் இருக்கும். சுருங்கிய எழுத்து சுவரில் எறும்பு ஊர்வதுபோல்தான் தெரியும்.

புதியவர்கள் செய்யும் இன்னொரு தவறு, ஸ்லைடில் தயாராக இருக்கும் தலைப்புப் பெட்டியையும் உள்ளடக்கப் பெட்டியையும் அழித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் டெக்ஸ்ட் பாக்ஸ் வரைவது. பார்ப்பதற்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அப்படி வரைந்த பெட்டி மாஸ்டர் பேச்சைக் கேட்காது. இருபது ஸ்லைடு முடித்தபின் தலைப்பின் நிறத்தை மாற்றச் சொன்னால் இருபது இடத்தில் மாற்ற வேண்டும். அவுட்லைன் பார்வையும் காலியாக நிற்கும். வியூ மெனுவில் மாஸ்டர் ஸ்லைடைத் திறந்து, தலைப்பு 36, உள்ளடக்கம் 28, நிறம், பின்னணி எல்லாவற்றையும் அங்கே ஒரே முறை வைத்துவிட்டு 'க்ளோஸ் மாஸ்டர் வியூ' கொடுங்கள். பிறகு கன்ட்ரோல்+எம் அடித்து அடித்து ஸ்லைடு சேர்த்துக்கொண்டே போகலாம்.

படங்கள் சுலபம். கவனிக்க வேண்டியது எடை. போனில் எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் 4000×3000, ஒவ்வொன்றும் 3 முதல் 5 எம்பி. முழுத் திரைக்குத் தேவைப்படுவது 1920×1080 மட்டுமே. இருபது படம் சேர்த்தால் ஃபைல் 80 எம்பி ஆகி, பழைய கணினியில் ஒவ்வொரு ஸ்லைடும் யோசித்துத்தான் திரும்பும். டூல்ஸ் மெனுவில் 'மினிமைஸ் ப்ரசன்டேஷன்' என்று ஒரு நல்ல வசதி இருக்கிறது. வெட்டி மறைத்த படப் பகுதிகளை நீக்கும், தெளிவை 150 டிபிஐக்கு இறக்கும், மொத்த எடையையும் குறைக்கும். மூல ஃபைலைத் தனியே வைத்துக்கொண்டு அதன் பிரதியில்தான் இதைச் செய்ய வேண்டும். நீக்கிய தெளிவு திரும்பி வராது.

ஒலிக்கு வருவோம். இன்சர்ட் மெனுவில் ஆடியோவைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியின் கீழே 'லிங்க்' என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் ஒலி ஸ்லைடு ஃபைலுக்குள் வராது, அது இருக்கும் முகவரி மட்டும் பதியும். உங்கள் கணினியில் பாடும், பென் டிரைவில் எடுத்துப் போனால் ஊமையாகிவிடும். டிக்கை எடுத்துவிட்டுச் சேர்த்தால் உள்ளேயே உட்கார்ந்துவிடும்.

இப்படிச் சேர்த்த ஒலி அந்த ஸ்லைடு திறந்தவுடன் ஒலிக்கும், ஸ்லைடு மாறியதும் நின்றுவிடும். பல ஸ்லைடுகளுக்கு ஒரே பின்னணி இசை ஓட வேண்டும் என்றால் இந்த வழி உதவாது. பவர்பாயின்ட்டில் 'ப்ளே அக்ராஸ் ஸ்லைட்ஸ்' என்று நேரான பொத்தான் உண்டு. இம்ப்ரெஸ்ஸில் கொல்லைப்புற வழிதான்: முதல் ஸ்லைடின் 'ஸ்லைடு ட்ரான்சிஷன்' (ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்கு மாறும் விதம்) பலகையில் சவுண்ட் என்ற இடத்தில் உங்கள் ஃபைலைக் காட்டுங்கள். நிறுத்த வேண்டிய ஸ்லைடில் அதே இடத்தில் 'ஸ்டாப் ப்ரீவியஸ் சவுண்ட்'. இந்த ட்ரான்சிஷன் ஒலி ஃபைலுக்குள் வந்துவிட்டது என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். ஒலியையும் ஸ்லைடையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, ஃபோல்டரோடு எடுத்துப் போய், அங்கே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

குரல் விளக்கத்தோடு வரிகள் ஒவ்வொன்றாக வர வேண்டும் என்பது எல்லோரும் கேட்பது. கல்லணை பற்றி ஒரு ஸ்லைடு என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் படம், வலப்பக்கம் மூன்று வரி, 25 நொடிக் குரல். குரலில் 6-ஆம் நொடியில் முதல் வரி, 14-இல் இரண்டாவது, 21-இல் மூன்றாவது வர வேண்டும். உள்ளடக்கப் பெட்டியைத் தேர்ந்தெடுத்து, அனிமேஷன் பலகையில் கூட்டல் குறியை அழுத்தி, 'என்ட்ரன்ஸ்' வகையில் 'அப்பியர்' கொடுங்கள். மூன்று வரியும் பட்டியலில் தனித்தனியாக வரும். மூன்றுக்கும் ஸ்டார்ட் என்ற இடத்தில் 'ஆஃப்டர் ப்ரீவியஸ்'. டிலே முறையே 6, 8, 7 நொடி. டிலே என்பது முந்தைய அசைவு முடிந்ததிலிருந்து எண்ணப்படுவது, ஸ்லைடு தொடங்கியதிலிருந்து அல்ல. 6, 14, 21 என்று போட்டால் மூன்றாவது வரி 41-ஆவது நொடியில் வந்து நிற்கும். அப்பியருக்குப் பதில் அரை நொடி ஓடும் 'ஃபேட் இன்' வைத்தால் அந்த அரை அரையாகச் சேர்ந்து மூன்றாவது வரி ஒரு நொடி பிந்தும். டிலேயில் அதைக் கழித்துவிடுங்கள். 'ஆன் க்ளிக்' என்று ஒன்றை விட்டுவைத்தாலும் குரல் ஓடிக்கொண்டிருக்க, வரி உங்கள் மவுஸுக்காகக் காத்திருக்கும்.

குரலை ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் ஒற்றைத் தடத்தில் (மோனோ), 44,100 ஹெர்ட்ஸில் பதிந்து எம்பி3-யாக எடுங்கள். 128 கேபிபிஎஸ் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி. அதே குரல் ஒற்றைத் தட வேவ் ஃபைலாக இருந்தால் 5 எம்பி. வாட்ஸாப்பில் வந்த குரல் பதிவை அப்படியே இழுத்துப் போட்டால் பல கணினிகளில் ஒலிக்காது, அது ஓப்பஸ் வகை. விஎல்சி ப்ளேயரில் கன்ட்ரோல்+ஆர் அழுத்தி எம்பி3 ஆக்கிக்கொள்ளுங்கள்.

வீடியோவிலும் இதே கதை, இன்னும் பெரிய அளவில். எச்.264 படமும் ஏஏசி ஒலியும் உள்ள எம்பி4 மட்டுமே எங்கும் நம்பிக்கையாக ஓடும். ஐபோனின் எச்இவிசி வீடியோவைப் பழைய விண்டோஸில் போட்டால் சத்தம் கேட்கும், படம் கறுப்பாக நிற்கும். போனில் எடுத்த 1080 வீடியோ ஒரு நிமிடமே 100 எம்பியைத் தாண்டக்கூடியது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'ஃபாஸ்ட் 720பி30' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்து மாற்றினால் எடை வெகுவாக இறங்கும். புரொஜெக்டரில் வித்தியாசம் தெரியாது. தேவையில்லாத முன்பின் பகுதிகளையும் சேர்ப்பதற்கு முன்பே வெட்டிவிடுங்கள், பவர்பாயின்ட்டில் இருப்பதுபோல் ட்ரிம் பொத்தான் இம்ப்ரெஸ்ஸில் கிடையாது. உபுண்டுவில் எம்பி4 ஓடவே இல்லை என்றால் குற்றம் இம்ப்ரெஸ்ஸுடையது அல்ல. லினக்ஸில் ஒலி, வீடியோவை ஓட்டித்தரும் ஜிஸ்ட்ரீமர் என்ற மென்பொருளை அது நம்பி இருக்கிறது. 'உபுண்டு ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்' தொகுப்பை நிறுவினால் பெரும்பாலும் சரியாகும்.

அசைவுகளும் ட்ரான்சிஷன்களும் இம்ப்ரெஸ்ஸில் கொட்டிக் கிடக்கின்றன. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபேட் ஒன்றும் அப்பியர் ஒன்றும் போதும். சுழன்று வரும் எழுத்தைப் பார்த்து முதல் ஸ்லைடில் பிள்ளைகள் கைதட்டுவார்கள், மூன்றாவதில் கொட்டாவி. ஒரு விஷயம் மட்டும் கவனம்: ட்ரான்சிஷன் பலகையில் 'அட்வான்ஸ் ஸ்லைடு' என்ற இடத்தில் 'ஆஃப்டர் 1 நொடி' என்பது தெரியாமல் தேர்வாகி, அதன்பின் 'அப்ளை ட்ரான்சிஷன் டு ஆல் ஸ்லைட்ஸ்' அழுத்தப்பட்டால், மொத்த ஸ்லைடும் ரயில் ஜன்னல் காட்சி மாதிரி ஓடி முடிந்துவிடும்.

தானாக ஓடும் ஸ்லைடு வேண்டுமானால், உதாரணமாகக் கண்காட்சி மேசைக்கு, நொடிகளை மனக்கணக்காக நிரப்ப வேண்டாம். 'ரிஹர்ஸ் டைமிங்ஸ்' கொடுத்து, வாய்விட்டுப் படித்து, ஒவ்வொரு ஸ்லைடும் முடிந்ததும் திரையின் கீழ் மூலையில் ஓடும் கடிகாரத்தை அழுத்துங்கள். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் நீங்கள் எடுத்த நேரம் பதிந்துவிடும். பிறகு ஸ்லைடு ஷோ செட்டிங்ஸில் 'லூப் அண்ட் ரிபீட்'. இம்ப்ரெஸ்ஸில் சிறப்பாக அமைந்த வசதிகளில் இதுவும் ஒன்று.

பேச்சாளர் திரையும் அப்படித்தான். இரண்டு திரை இணைந்திருந்தால் லேப்டாப்பில் இப்போதைய ஸ்லைடு, அடுத்தது, கடிகாரம், உங்கள் குறிப்பு எல்லாம் தெரியும். பார்ப்பவருக்கு ஸ்லைடு மட்டும். இது வரவில்லை என்றால் விண்டோஸ் விசையும் பி-யும் (P) சேர்த்து அழுத்தி, 'டூப்ளிகேட்' என்பதை 'எக்ஸ்டெண்ட்' ஆக்குங்கள். ஓடும்போது பி (B) அழுத்தினால் திரை கறுக்கும், மறுபடி அழுத்தினால் திரும்பும். கேள்வி நேரத்தில் 7 அடித்து என்டர் தட்டினால் ஏழாவது ஸ்லைடு. ஆண்ட்ராய்டில் 'இம்ப்ரெஸ் ரிமோட்' செயலி போட்டால் போனே ரிமோட்.

இல்லாதவையும் உண்டு. ஸ்லைடை நேரே எம்பி4 வீடியோவாக எடுக்கும் வழி இல்லை. பவர்பாயின்ட்டில் எக்ஸ்போர்ட் மெனுவில் அது இருக்கிறது. ஸ்லைடு ஸ்லைடாகக் குரல் பதியும் வசதியும் இல்லை. யூடியூபுக்குப் பாடம் செய்வதுதான் உங்கள் நோக்கம் என்றால் இம்ப்ரெஸ் சுற்றுவழி. ஓபிஎஸ் மாதிரித் திரைப்பதிவு மென்பொருளோடு சேர்த்தால்தான் வேலை நடக்கும். நாலு பேர் சேர்ந்து ஒரே ஸ்லைடில் வேலை செய்ய வேண்டும் என்றால் கூகுள் ஸ்லைட்ஸ்தான் சரி. ஆனால் அதில் ஒலியை முதலில் கூகுள் ட்ரைவில் ஏற்ற வேண்டும், அந்த ஃபைலின் அனுமதியைத் திறக்க மறந்தால் மற்றவருக்கு ஒலிக்காது, இணையம் போனால் வீடியோவும் போகும்.

காட்டும் இடத்தில் பவர்பாயின்ட்தான் இருக்கிறது என்றால் வேலையை இம்ப்ரெஸ்ஸின் சொந்த வடிவமான ஓடிபியிலேயே செய்து முடித்து, கடைசியில் ஒரு பிரதியை மட்டும் பவர்பாயின்ட் வடிவமான பிபிடிஎக்ஸ் ஆகச் சேமியுங்கள். நடுநடுவே இரண்டுக்கும் மாற்றி மாற்றிச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று நழுவும்: வரி இடைவெளி, புள்ளிக் குறி, அனிமேஷன் வரிசை. முன்னால் பார்த்த டிலே கணக்கையும் பவர்பாயின்ட்டில் ஒரு முறை ஓட்டிச் சரிபார்க்காமல் விடாதீர்கள். ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ், ஃபான்ட் என்று போய் ஃபான்ட்டை உள்ளே பதிக்கலாம். அது லிப்ரே ஆஃபீஸ் உள்ள இன்னொரு கணினிக்கு உதவும். பவர்பாயின்ட் கணினிக்கு ஃபான்ட் ஃபைலையே எடுத்துப் போய் நிறுவிவிடுவது நிச்சயமான வழி. அங்கே நிறுவ அனுமதி இல்லையென்றால் தொடக்கத்திலேயே நிர்மலா யுஐ ஃபான்ட்டில் செய்துவிடுங்கள், விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்த எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

பென் டிரைவில் நான்கு பொருள் இருக்கட்டும்: ஓடிபி, பிபிடிஎக்ஸ், பிடிஎஃப், ஒலி-வீடியோ ஃபோல்டர். பிடிஎஃப்பில் அசைவும் ஒலியும் வராது, ஆனால் எழுத்து எங்கேயும் சிதறாது. போனதும் முதலில் ஒலியைச் சோதியுங்கள். எச்டிஎம்ஐ கம்பி மாட்டியவுடன் விண்டோஸ் ஒலியைப் புரொஜெக்டர் பக்கம் திருப்பிவிடும். ஸ்பீக்கர் லேப்டாப்பில் செருகியிருந்தால் கூடத்தில் ஒன்றும் கேட்காது. டாஸ்க்பாரில் ஒலிக்குறியை அழுத்தி, வெளியேறும் இடத்தை ஸ்பீக்கருக்கு மாற்றினால் வந்துவிடும்.